மடக்கு இறக்கை விமானம், படகு டிரெய்லர், ஒரு பென்சில் கோடு

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டக் கொட்டகையிலிருந்து ஈப்போவுக்கு ஒரு சின்ன இரண்டு இருக்கை விமானத்தை டிரெய்லரில் கொண்டுபோய்ச் சேர்த்த வேலையின் பதிவு இது. தூரம் 92 கிலோமீட்டர். அதற்கான தயாரிப்பு ஏழு வாரம். அந்த ஏழில் நாலு வாரம் தப்பான வழியில் போனது.

விமானம் துணி போர்த்திய, எஃகுக் குழாய்ச் சட்டகம் கொண்ட, வால் சக்கர வகை. 1980களில் அமெரிக்காவின் ஐடஹோவில் அவிட் ஃப்ளையர், கிட்ஃபாக்ஸ் என்று தொடங்கிய குடும்பத்தின் வாரிசு. இறக்கையின் நெடுக்கே ஓடும் தாங்கு தண்டுதான் ஸ்பார், கீழிருந்து இறக்கையைத் தாங்கும் சாய்குழாய் ஸ்ட்ரட். முன்பக்க ஸ்பாரின் பின்னை உருவினால், பின்பக்க ஸ்பாரின் மூட்டிலும் ஸ்ட்ரட்டின் கீழ் மூட்டிலும் இறக்கை சுழன்று, படுக்கை வாட்டிலேயே வாலுக்கு மேலே போய் நிற்கும். இரண்டு பேர் இருந்தால் பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கொட்டகையில் இடம் மிச்சம் பிடிக்க மடக்குவது வேறு, மடக்கியபடி சாலையில் இழுப்பது வேறு. மடக்கின நிலையில் இறக்கையின் நுனியைப் பிடித்து வைத்திருப்பது வால் பக்கத்திலுள்ள மெல்லிய குழாய்க் கொக்கி ஒன்றுதான். கொட்டகைக்கு அது தாராளமாகப் போதும்.

முதல் வேலை அளவு. மடக்கிய பிறகு மூக்கிலிருந்து இறக்கை நுனி வரை 6.4 மீட்டர், அகலம் 2.41 மீட்டர். மலேசியச் சாலையில் வாகனத்துக்கு அனுமதித்த அகலம் 2.5 மீட்டர். ஆக, பக்கத்துக்கு 45 மில்லிமீட்டர்தான் மிச்சம். விமானத்தை டிரெய்லரின் நடுக்கோட்டில் சரியாக நிறுத்தாவிட்டால் அதுவும் போய்விடும். தட்டின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, வால் சக்கரம் அதன் மேல்தான் ஏற வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்தது எடை. குலை நிறுக்கும் தராசு தோட்டத்தில் இருக்கிறது, அது பெரிய உதவி. மொத்தம் 290 கிலோ. இறக்கை விரித்திருக்கும்போது வால் சக்கரத்தின் மேல் 22 கிலோ, மடக்கினதும் 53 கிலோ. இரண்டு இறக்கையும் பின்னால் போவதால் எடையும் பின்னால் போகிறது. இதை நிறுத்துப் பார்க்காமல் கையேட்டிலுள்ள ஈர்ப்பு மையத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் டிரெய்லரில் தப்பான இடத்தில் ஏற்றியிருப்போம்.

டிரெய்லர், முறையாகப் பதிவான ஒரு பழைய படகு டிரெய்லர். ஆற்றோர ஊரில் அது கிடைப்பது கஷ்டமில்லை. வெறும் எடை 380 கிலோ, ஒற்றை அச்சு, 13 அங்குலச் சக்கரம், இழுக்கும் வண்டியோடு சேரும் இடத்தில் 50 மில்லிமீட்டர் இழுகுண்டு. பதிவான வண்டி என்பதால் சட்டகத்தை வெட்டவில்லை, புதுத் துளையும் போடவில்லை. தட்டு, தாங்கி எல்லாமே யூ-போல்ட்டில் உட்காருகின்றன. கழற்றினால் மறுபடி படகு டிரெய்லர்தான். படகை இழுத்தேற்றும் வின்ச் தூணின் மேல்பாதி மட்டும் புரொப்பெல்லருக்கு இடைஞ்சல். அது போல்ட்டில் நின்றதால் எடுத்து வைத்துவிட்டோம்.

மூக்கு முன்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். வாலை முன்னால் வைத்தால் காற்று தலைகீழாக வந்து, வாலின் அசையும் பலகைகளான எலிவேட்டரையும் ரட்டரையும் பின்னிருந்து அடிக்கும். கீல்களும் பூட்டுகளும் அதற்காகச் செய்தவை அல்ல. இன்ஜின் முன்னால் இருந்தால் இழுகுண்டின் மேல் விழும் எடையும் சரியாக வரும் என்று நினைத்தோம். முதல் தடவை அது சரியாக வரவில்லை. குளியலறைத் தராசை டிரெய்லரின் மூக்குக்குக் கீழே கட்டை வைத்து நிறுத்தியபோது 34 கிலோதான் காட்டியது. தட்டும் தாங்கியும் சேர்த்து ஏற்றிய மொத்த எடை 725 கிலோ, அதில் பத்தில் ஒரு பங்காவது குண்டின் மேல் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். அச்சிலிருந்து குண்டு வரை 4.2 மீட்டர். விமானத்தை 500 மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால் 290ஐ 0.5ஆல் பெருக்கி 4.2ஆல் வகுக்க 34 கிலோ கூடும். தள்ளிப் பார்த்தோம், தராசில் 68. பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. கருவிப் பெட்டியை முன்னால் வைத்ததும் 74 ஆனது. சக்கரத் தடுப்புக் கட்டைகளை அந்த இடத்திலேயே போல்ட் செய்துவிட்டோம்.

இனி அசல் பிரச்சினை. இறக்கை எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. இழுக்கிறவர் முன்னால் இருக்கிறார், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கோ எல்லாமே ஆடுவதாகத்தான் தெரியும். அதற்கு ஒரு மலிவான கருவி. மடக்கிய இறக்கையின் நுனியில் ஒரு மூங்கில் குச்சி, குச்சி முனையில் தச்சர் பென்சில். டிரெய்லர் தட்டிலிருந்து எழும்பும் கம்பத்தில் ஒரு அட்டை. பென்சில் அட்டையை லேசாகத் தொட்டபடி இருக்க ரப்பர் பேண்ட். ஓடி முடித்ததும் அட்டையில் விழுந்திருக்கும் கோட்டின் உயரம்தான் இறக்கை ஆடிய அளவு. செலவு 2 வெள்ளிகூட (ரிங்கிட்) இல்லை. இந்த வேலையில் மிகவும் பிரயோஜனப்பட்ட கருவி இதுதான்.

முதல் ஓட்டம் தோட்டத்துக்குள்ளேயே 3 கிலோமீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். இறக்கையை அதன் சொந்தக் கொக்கி மட்டும் தாங்கியது. இந்தப் பக்கத்துக் கறுப்பு மண் அமுங்கிக்கொண்டே இருக்கும். சாலை, அலை மாதிரி ஏறி இறங்கும். லோரி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். கோடு 62 மில்லிமீட்டர். கொக்கிக் குழாய் 4 மில்லிமீட்டர் வளைந்திருந்தது, பின்பக்க ஸ்பார் மூட்டைச் சுற்றிப் பெயிண்டில் முடி மாதிரி ஒரு விரிசல். பெயிண்டைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்தோம், உலோகத்தில் ஒன்றும் இல்லை. புதிய ஏஎன் (விமானத் தரத்து) போல்ட்டை நுழைத்துப் பார்த்தபோது துளையிலும் ஆட்டமில்லை. பழைய போல்ட்டுகளைத் திரும்பப் போடவில்லை, இரண்டையும் மாற்றியாகிவிட்டது. இதே மாதிரி 92 கிலோமீட்டர் போயிருந்தால் மூட்டு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

டிரெய்லரின் ஸ்பிரிங்கைப் பார்த்த பட்டறை அண்ணன், "இது லோரி ஸ்பிரிங்கைப் போட்டு முட்டை ஏத்துற கதை" என்றார். சரிதான். ஒன்றரை டன் படகுக்காகப் போட்ட ஐந்து பட்டை ஸ்பிரிங், 290 கிலோவுக்கு வளையவே வளையாது. குழியில் விழுந்தால் முழு அதிர்ச்சியும் நேராக மேலே போகும். பக்கத்துக்கு இரண்டு பட்டை எடுத்து மூன்றாக்கினோம். டயர் காற்று 36லிருந்து 26 பிஎஸ்ஐ. அதே சாலை, அதே வேகம், கோடு 44. குறைந்தது, ஆனாலும் 44 என்பது இறக்கைக்கு அதிகம்தான். பட்டை குறைத்த டிரெய்லரில் இனி கனமான படகு ஏற்றக் கூடாது என்று சட்டகத்திலேயே பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறது.

பிறகுதான் தொட்டில். தட்டிலிருந்து எழும்பும் இரண்டு சட்டகம், 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர் கனம். ஒவ்வொரு இறக்கைக்கும் ஒரு தொட்டில், இறக்கை உடலோடு சேரும் வேரிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்கு விலா ஒன்றுக்கு நேர் கீழே. தொட்டிலின் வாய் 12 மில்லிமீட்டர் பிளைவுட், இறக்கையின் அடி வளைவுக்கு ஏற்ப வெட்டியது. வளைவை எடுக்க, விலாவின் மேல் ஈயக் கம்பியை வளைத்துப் பதித்து அட்டையில் வரைந்தால் போதும். மேலே 25 மில்லிமீட்டர் கெட்டி ஃபோம், அதன் மேல் கார் கார்ப்பெட். தாங்கும் அகலம் 100 மில்லிமீட்டர். எடை இரண்டு ஸ்பாரின் மேலும் விழ வேண்டும், நடுவில் வெறும் துணி தொடக் கூடாது. அதனால் ஸ்பார் வரும் இரண்டு இடத்தில் மட்டும் ஃபோம் வைத்து, நடுவில் பிளைவுட்டை 15 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குடைந்தோம். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் பலகையான ஃபிளாப்பரான் இறக்கையின் பின்விளிம்புக்குக் கீழே தொங்குவதால் தொட்டிலில் அதற்கும் ஒரு வெட்டு வேண்டும். முதலில் இதை மறந்து, ஒரு தொட்டிலை மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது ஓட்டம். இறக்கை நுனியில் கோடு 4 மில்லிமீட்டர். வேலை முடிந்தது என்றே நினைத்தோம். ஆனால் இறக்கை வேரின் மூடித் தகடு இடது பக்கம் துணியில் நகக்குறி மாதிரி ஒரு பள்ளம் போட்டிருந்தது. அது ஏன் என்று புரியவில்லை. இரண்டாவது பென்சிலைக் கதவின் அடிச்சட்டத்தில் கட்டி, தட்டில் அட்டை நிறுத்தி, அதே சாலையில் மறுபடி ஓட்டினோம். அங்கே கோடு 38.

இங்கேதான் விஷயம். தொட்டில் டிரெய்லரோடு இறுக்கமாக நிற்கிறது, ஆகவே இறக்கை நுனி அசையவில்லை. ஆனால் உடல் தன் சக்கரத்தின் மேல் நிற்கிறது. சக்கரக் காலில் இருப்பது பஞ்சி ரப்பர் கயிறு. டயரில் குறைந்த காற்று. ஒவ்வொரு மேட்டிலும் உடல் 38 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது, நுனி அசையாமல் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வளைவது வேர் மூட்டு ஒன்றுதான். நாங்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை, நுனியிலிருந்து வேருக்கு இடம் மாற்றி வைத்திருக்கிறோம். தொட்டில் இல்லாத முதல் ஓட்டத்தை விட இது மோசம் என்றுகூடச் சொல்லலாம்.

வழி இரண்டு. ஒன்று, தொட்டிலை உடலோடு கட்டி, உடலும் இறக்கையும் சேர்ந்து ஆட விடுவது. சட்டகக் குழாயில் அதற்கான பிடி எதுவும் இந்த விமானத்தில் இல்லை, பற்றவைக்கவும் கூடாது. மற்றது, பஞ்சியை வேலை செய்ய விடாமல் உடலையே டிரெய்லரின் ஒரு பாகமாக்குவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

அதற்குத்தான் வயிற்றுக் கட்டை. சக்கரக் கால்கள் உடலில் சேரும் இடத்தில் குறுக்குக் குழாயும் நெடுக்குக் குழாய்களும் பற்றவைத்த முடிச்சு இருக்கிறது. இறங்கும்போது வரும் அடியை வாங்க அமைந்த இடம் அது, ஆகவே தாங்கவும் அதுவே சரியான இடம். குழாயின் நடுப்பகுதியையோ துணியையோ கட்டை தொடக் கூடாது. 100க்கு 100 கடின மரக்கட்டை இரண்டு, மேலே பள்ளம் செதுக்கி 20 மில்லிமீட்டர் கெட்டி ரப்பர். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே எதிரெதிராகச் செருகும் ஆப்பு ஒரு ஜோடி. ஆப்பைத் தட்டத் தட்டக் கட்டை உயரும். எவ்வளவு தட்டுவது? சக்கரத்தைக் கையால் பிடித்துத் திருகினால் தட்டின் மேல் கொஞ்சம் வழுக்க வேண்டும், ஆனால் தட்டை விட்டு எழக் கூடாது. எடையில் பெரும்பங்கு கட்டைக்குப் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆப்பு நகராமல் இருக்கக் குறுக்கே ஒரு மர திருகாணி.

விமானத்தைக் கட்டும் பட்டைகளையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்பு சக்கர அச்சைக் கீழே இழுத்துக் கட்டியிருந்தோம். இப்போது அதே முடிச்சில், கால் மேலே சேரும் இடத்தில், இரு பக்கமும் குறுக்காக இறக்கி, உடலைக் கட்டையின் மேல் அமுக்கிப் பிடிக்கிறோம். 25 மில்லிமீட்டர் ரேச்சட் பட்டை நான்கு. ஸ்ட்ரட்டில் எந்தக் காரணத்துக்கும் பட்டை போடக் கூடாது. பிடிக்க வசதியான இடமாகத் தெரியும், ஆனால் பக்கவாட்டு இழுப்புக்கு அது மெலிந்த குழாய். வால் சக்கரம் ஒரு மரத் தொட்டியில், அதன் ஸ்பிரிங் மேல் ஒரு பட்டை. இந்தப் பட்டை இறுகாமல் பிடித்தால் போதும்.

ஐந்தாவது ஓட்டம், இரண்டு பென்சில். நுனியில் 5, உடலில் 6. இரண்டும் சேர்ந்தே ஆடுகின்றன. வேரில் குறி எதுவும் இல்லை.

புறப்படுவதற்கு முன் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிபொருளை முழுக்க இறக்கிவிட வேண்டும். மடக்கினதும் காற்றுத் துளை வழியாகச் சொட்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இரண்டு அலகுப் புரொப்பெல்லரைப் படுக்கை வாட்டில் நிறுத்தி, அலகுகளுக்குச் சாக்கு உறை. காற்று வேகம் அளக்கும் பிட்டோ குழாய்க்கு மூடி, அதோடு சிவப்புத் துணி. விமானி பிடித்து ஓட்டும் ஸ்டிக்கை இருக்கை பெல்ட்டால் பின்னுக்கு இழுத்துக் கட்டுவது, ரட்டருக்கு இரு பக்கமும் பலகையும் ஃபோமும். ஃபிளாப்பரானின் கட்டுப்பாட்டுக் கம்பியை மடக்கும்போதே கழற்றுவதால் அது தனியாக ஆடும். இறக்கையோடு சேர்த்து மென்மையான கிளாம்ப் போட வேண்டும், ஒவ்வொரு பக்கமும் இரண்டு. இழுக்கும் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பெரிய மண்காப்பு ரப்பர், இல்லாவிட்டால் செம்மண் கல் முழுவதும் விமானத்தின் வயிற்றில்தான். தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளில் சிவப்புக் கொடி.

உருவிய ஸ்பார் பின்னுகளைப் பற்றித் தனியாக. அவற்றைச் சட்டைப் பையிலோ கருவிப் பெட்டியிலோ போடக் கூடாது. உருவிய துளைக்குள்ளேயே திரும்பச் செருகி, நீளமான சிவப்பு நாடா கட்டி, அந்த நாடாவின் மறுமுனை ஸ்டிக்கில். விமானி இருக்கையில் உட்கார்ந்தால் நாடா மடியில் விழும்.

முதலில் கன்வாஸ் போர்த்தலாம் என்று வாங்கினோம், 160 வெள்ளி. சோதனை ஓட்டத்தில் காற்று புகுந்து படபடவென்று அடித்து, செங்குத்து வாலின் விளிம்பில் பெயிண்டை மங்கச் செய்துவிட்டது. தூசி அடியில் இருந்தால் அது உப்புத்தாள்தான். போர்த்தாமல் போனோம். மதியத்துக்கு மேல் மழை வரும் என்பதால் காலை ஆறரைக்கே கிளம்பியாகிவிட்டது.

தோட்ட எல்லையில் வாய்க்கால் பாலம் ஒன்று. இரு பக்கத் தூண்களுக்கு இடையே 2.3 மீட்டர், இறக்கை அகலம் 2.41. ஆனால் தூண் 90 சென்டிமீட்டர் உயரம்தான், இறக்கை அதற்கு மேலே போகிறது, சக்கரம் உள்ளே போகிறது. முந்தின நாளே டேப் பிடித்துப் பார்த்திருந்ததால் அங்கே யாரும் பதறவில்லை.

வழி லங்காப், பீடோர், பிறகு பழைய சாலையில் தாப்பா, கம்பார், கோப்பேங், ஈப்போ. நெடுஞ்சாலையைத் தவிர்த்தோம். அங்கே பெரிய லோரி கடக்கும்போது தள்ளும் காற்று வேறு, எங்கள் வேகம் 60ஐத் தாண்டவில்லை என்பது வேறு. முதல் நிறுத்தம் 3ஆவது கிலோமீட்டர். எல்லாப் பட்டையிலும் இரண்டு பல் தளர்வு, புதுப் பட்டை நீளத்தான் செய்யும். 15இல் ஒரு பல். பீடோரில் ஒன்றும் இல்லை, வலது தொட்டிலில் கார்ப்பெட் மட்டும் நழுவியிருந்தது. பசையை நம்பாமல் ஆணியும் அடித்திருக்க வேண்டும்.

கம்பாரில் சக்கர மையத்தைத் தொட்டபோது வலது பக்கம் கை வைக்க முடியாத சூடு. படகு டிரெய்லர் ஆற்றில் இறங்கி ஏறியது, கிரீஸுக்குள் தண்ணீர் போயிருக்கும். பேரிங்கைத் திறந்து பார்க்காமல் புறப்பட்டது எங்கள் தவறு. அரை மணி நேரம் ஆற விட்டு, கிரீஸ் அடைத்து, 40இல் ஓட்டிப்போய்ச் சேர்ந்தோம். திரும்பிய பிறகு இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. பயணம் மொத்தம் 3 மணி 20 நிமிஷம்.

இறக்கையை விரித்தபோது, பின்னைச் செருகிக் காப்பு ஊசியைப் போட்டது ஒருவர், விரலால் தொட்டுப் பார்த்தது இன்னொருவர். பழைய காப்பு ஊசி குப்பைக்கு. நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இடது ஃபிளாப்பரான் மேலே போகிறதா என்றும் பார்த்தோம். கம்பிகளை மாற்றி இணைத்துவிட வாய்ப்பு இருக்கிற இடம் அது. வேரில் வளையும் எரிபொருள் ரப்பர்க் குழாயில் இடது பக்கம் மடிப்புத் தடம் இருந்தது, இரண்டையும் மாற்றினோம்.

செலவு, டிரெய்லரின் விலை நீங்கலாக: சதுரக் குழாய் மூன்று நீளம் 294 வெள்ளி, வெல்டிங் கூலி 350, பிளைவுட் மூன்று பலகை 255, ஃபோம் கார்ப்பெட் 120, யூ-போல்ட்டும் மற்ற போல்ட்டும் 140, பட்டை எட்டு 144, ஸ்பிரிங் பட்டை எடுத்த கூலி 80, பேரிங்கும் கிரீஸும் 130, விளக்கும் பிளக்கும் 95, எரிபொருள் குழாயும் கிளிப்பும் 42. கூட்டினால் 1,650. மூட்டு போல்ட்டுகள் கையிருப்பில் இருந்தவை, மரக்கட்டை தோட்டத்து மிச்சம். வீணாய்ப் போன கன்வாஸைச் சேர்த்தால் 1,810.

மறுபடி செய்வதானால், பட்டை ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டாமல் 750 கிலோ ரப்பர் முறுக்கு அச்சு ஒன்று வாங்கிப் போட்டிருப்போம். தொட்டில் உயரத்தைப் பற்றவைத்து நிலைப்படுத்தாமல், கீழே திருகு காலில் நிறுத்தியிருப்போம். இப்போது இடது தொட்டில் வலதை விட 5 மில்லிமீட்டர் உயரம். ஃபோமைச் சீவித்தான் சரிக்கட்டியிருக்கிறது. திரும்பி வரும் பயணத்துக்கு முன் அதை அறுத்துப் போட வேண்டும். அட்டை இரண்டும் பென்சிலும் டிரெய்லரின் கருவிப் பெட்டியிலேயே இருக்கின்றன.